தாது வருஷத்துக்குப் பேர் இருக்கு... எங்க மலையில சரிஞ்ச மண்ணுக்கு?

ஐப்பசி பொறந்துட்டா எங்க மலைக்காரங்க போன்ல மொதல்ல கேக்குறது "சாப்பிட்டியா" இல்லீங்க. "ரோடு இருக்கா?"ன்னுதான் கேப்பாங்க. வத்தலக்குண்டுல இருந்து ஏறணும்னா டம்டம் பாறை பக்கம் எப்படி இருக்கு, பெருமாள்மலையில மரம் ஏதும் விழுந்திருக்கா. பழனி வழின்னா சவரிக்காட்டுல மண்ணு சரிஞ்சிருக்கா. பெரியகுளம் வழின்னா அடுக்கம் ரோட்டுல வண்டி விடுறாங்களா... இதையெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் பையைத் தூக்குவோம். "ஜேசிபி வந்துருச்சு, ஒரு மணி நேரத்துல விட்டுருவாங்க"ன்னு பதில் வந்தா நிம்மதி. சரிஞ்ச மண்ணை அள்ளி பள்ளத்துப் பக்கம் தள்ளுவாங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டு வண்டிங்க போகும். அத்தோட அந்த சம்பவம் முடிஞ்சுது.

அந்த "முடிஞ்சுது"ங்கற வார்த்தை மேலதான் எனக்குக் கோபம். எங்க பழனி மலைக்கு மழையால ஆபத்து, காத்தால ஆபத்து, கோடையில நெருப்பால ஆபத்து. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா போன தடவை எங்கே சரிஞ்சுது, அதுக்கு முந்தி எத்தனை நாள் மழை பெஞ்சுது, அதே இடம் அதுக்கு முன்னாடி எப்ப சரிஞ்சுதுன்னு கேட்டா ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்லுவோம். ஊருக்குன்னு ஒரு கணக்கு கிடையாது. மறந்துபோறதையே பழக்கமா வெச்சிருக்கற மலைவாசிகளா நாம ஆயிட்டோம்னு எனக்குத் தோணுது. அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதப் போறேன். பொறுமையா படிங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. கணக்கு வைக்கறதுல உலகப் பேர் வாங்கின ஒரு இடம் எங்க ஊர்லயேதான் இருக்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம். டூரிஸ்ட்டா வந்தவங்க போயிருப்பீங்க. அது ஏன் அங்கே வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1876ல ஆரம்பிச்சு 1878 வரைக்கும் சென்னை ராஜதானியைச் சூறையாடின பஞ்சம்தான் காரணத்துல ஒண்ணு. நம்ம பாட்டிமாருங்க "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்லுவாங்களே, அதேதான். லட்சக்கணக்குல ஜனம் செத்துச்சு. மழை ஏன் பொய்க்குது, சூரியனுக்கும் பருவமழைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டான்னு கண்டுபிடிக்கணும்னு அன்னைக்கு சர்க்கார் யோசிச்சுது. 1893ல லண்டன்ல கெல்வின் பிரபு தலைமையில கமிட்டி கூடி, தூசி இல்லாத உயரமான இடம்னு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தாங்க. 1899ல ஆய்வகம் வந்தாச்சு. 1904ல இருந்து சூரியனைப் படம் பிடிச்சு சேத்து வெச்சிருக்காங்க. நூறு வருஷத்துக்கும் மேல! சூரியப் புள்ளிகள்ல வாயு எப்படி ஓடுதுன்னு எவர்ஷெட் 1909ல கண்டுபிடிச்சதும் இங்கேதான்.

ஆக, ஒம்பது கோடி மைலுக்கு அந்தாண்டை இருக்கற சூரியன்ல எந்தத் தேதியில எத்தனை புள்ளின்னு எங்க ஊர்ல கணக்கு இருக்கு. அந்த ஆய்வகத்துல இருந்து இறங்கி வர்ற ரோட்டோரத்துல எந்தத் தேதியில மண்ணு சரிஞ்சுதுன்னு கேட்டா, டீக்கடையில உக்காந்து விவாதம் பண்ணணும். :-)

தாது வருஷப் பஞ்சத்தை நாம ஏன் மறக்கலை? அதுக்கு ஒரு பேர் இருக்கு. பேர் வெச்சா பாட்டி பேத்திக்குச் சொல்லுவா, அவ தன் பேத்திக்குச் சொல்லுவா. மேற்கே மலையைத் தாண்டினா கேரளாவுலயும் அப்படித்தான். 1924 ஜூலையில வந்த பெருவெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099ல வந்ததால, "தொண்ணூத்தொம்பது வெள்ளம்"னு இன்னைக்கும் சொல்றாங்க. மூணாறுல ஓடிக்கிட்டு இருந்த குண்டளை ரயிலையே அழிச்சுட்டுப் போன வெள்ளம் அது. 2018 ஆகஸ்ட்ல கேரளா மூழ்கினப்ப, தொண்ணூத்து நாலு வருஷம் கழிச்சும், எல்லாரும் அதோடதான் ஒப்பிட்டுப் பேசினாங்க. மூணாறுக்கும் எங்க மேல்மலைக்கும் நடுவுல மலைதான் இருக்கு. ஆனா எங்க பக்கம் இப்படிப் பேர் வெச்ச மழை ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

பேர் வைக்கற அளவுக்கு எதுவும் நடக்கலையான்னு கேப்பீங்க. அதையும் சொல்றேன்.

படத்துல பாத்தா பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து கிழக்கே கை நீட்டின மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர் நீளம். வங்கக் கடல்ல இருந்து டெல்டா, திருச்சி, திண்டுக்கல்னு நேரா மேற்கே வர்ற காத்துக்கு முதல்ல எதிர்ல நிக்கற பெரிய சுவர் இதுதான். அதனாலதான் ஐப்பசி கார்த்திகையில எங்களுக்கு இவ்வளவு மழை. நாகப்பட்டினத்துல புயல்னு நியூஸ் வந்தா கடற்கரைக்காரங்கதான் கவலைப்படணும்னு நாம நினைப்போம். அந்தப் புயல் நிலத்துல ஏறி பலம் குறைஞ்சு மேற்கே நடந்து வந்து, மிச்சமிருக்கற தண்ணியை எங்க மலை மேலதான் கொட்டும்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெக்கே ஒரு புயல் கரையேறுச்சு. ஐநூறுக்கு மேல சாவு. அந்த நவம்பர் வெள்ளத்துலதான் வேடசந்தூர் பக்கத்துல அழகாபுரியில, அப்பத்தான் புதுசா கட்டியிருந்த குடகனாறு அணை உடைஞ்சுது. தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர்னு கீழ்மலைச் சரிவுல விழுற தண்ணி சேர்ற ஆறு அது. ஷட்டரைத் தூக்கப் போனா கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டர் போட்டும் ஆகலை. கடைசியில கையால சுத்தித் தூக்கப் பாத்திருக்காங்க. அதுக்குள்ள தண்ணி மண்கரை மேலயே ஏறி வழிஞ்சு, கரையைப் பல இடத்துல அறுத்துட்டுப் போயிருச்சு. வேடசந்தூர் பக்கம் எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா இருந்துச்சு. தன் ரெண்டாவது பையன் பொறந்த வருஷத்தைக் கேட்டா "டேம் உடைஞ்சதுக்கு மறு வருஷம்"னு சொல்லும். தேதி தெரியாது. ஆனா டேம் உடைஞ்சது தெரியும். அதுதான் நினைவு.

சரி, 1977ன்னு சொன்னா இன்னைக்கு யாருக்காவது இந்தப் புயல் ஞாபகம் வருதா? வராது. ஏன்னா சரியா ஒரு வாரம் கழிச்சு, நவம்பர் 19ஆம் தேதி, ஆந்திராவுல திவிசீமாவை கடல் விழுங்குச்சு. பத்தாயிரத்துக்கு மேல சாவு. பேப்பர் முழுக்க அதுதான். பெரிய துக்கம் சின்ன துக்கத்தை மூடிருச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மலைக்கு மேல அன்னைக்கு என்ன ஆச்சுன்னு யாராவது ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கலாம். இன்னொண்ணும் இருக்கு. அப்ப கொடைக்கானல் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985லதான். பழைய காகிதம் ஏதாவது இருந்தாலும் அது வேற ஊர் ஆபீஸ் அலமாரியில.

நாப்பத்தொரு வருஷம் கழிச்சு அதே வழியில இன்னொண்ணு வந்துச்சு. 2018 நவம்பர் 16 விடியற்காலம், கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ஏறி, திண்டுக்கல் வழியா வந்து, கேரளாவைத் தாண்டி அரபிக் கடலுக்குப் போச்சு. டெல்டாவுல தென்னை மரமெல்லாம் சாஞ்சு ஒரு தலைமுறை விவசாயமே படுத்துருச்சு. தமிழ்நாடே அங்கே ஓடுச்சு. ஓடணும், நியாயம்தான். அதே நாள்ல எங்க மலையில மரம் விழுந்து ரோடு அடைஞ்சு, மண்ணு சரிஞ்சு, கரண்டு இல்லாம கிராமம் கிராமமா இருட்டுல கெடந்துச்சு. 1977 கணக்கு கையில இருந்திருந்தா "நாகப்பட்டினத்துல புயல்"னு கேட்டதுமே மேல் மலையில அரிசி, மெழுகுவத்தி, மரம் அறுக்கற மெஷின் எல்லாம் தயாரா வெச்சிருக்கலாமே?

மரம்னு சொன்னதும் இன்னொரு மறதி ஞாபகத்துக்கு வருது. எங்க மேல்மலை ஒரு காலத்துல பெரும்பாலும் புல்வெளி. ஓடை ஓரத்துலயும் மடிப்புலயும் சோலைக்காடு, மேடெல்லாம் புல். புல்லை "தரிசு"ன்னு நினைச்சு சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டுத் தள்ளினாங்க. தோல் பதனிட பட்டை வேணும், கூழ் மரம் வேணும்னு. 2018ல வெளிவந்த ஒரு ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வெச்சுச் சொல்லுது: 1973ல இருந்து 2014க்குள்ள பழனி மலை மேட்டுப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு. சீகைக்கு வேர் ஆழம் போகாது. காத்து அடிச்சா வரிசையா சாயும். சாயும்போது சும்மா சாயாது, வேரோட ஒரு வண்டி மண்ணையும் தூக்கிக்கிட்டு, கரண்டு கம்பியையும் இழுத்துக்கிட்டு ரோட்டுல விழும். இப்ப பல வருஷமா அந்த அந்நிய மரங்களை எடுத்துட்டு புல்லையும் சோலையையும் திரும்பக் கொண்டு வரணும்னு பேசிக்கிட்டு இருக்காங்க. நல்லது. ஆனா இன்னைக்கு இருக்கற சின்னப் பசங்களுக்கு பைன் காடுதான் "கொடைக்கானல் இயற்கை". சினிமாவுலயும் அதைத்தானே காட்டுறாங்க!

கோடையில இந்த மரக்காட்டுச் சருகும் காஞ்ச புல்லும் நெருப்புக்குத் தீனி. 2018 மார்ச்ல பக்கத்து மாவட்டத்துல குரங்கணி மலையில ட்ரெக்கிங் போனவங்க தீயில மாட்டி 23 பேர் போனாங்க. 2024 ஏப்ரல் கடைசியில பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நாள்கணக்குல காடு எரிஞ்சுது. நெருப்பு அணைஞ்சதும் அதுவும் "முடிஞ்சுது". எரிஞ்ச சரிவுல அடுத்த மழையில மண்ணு எப்படி ஓடும்னு யாராவது போய்ப் பாத்து எழுதினாங்களா?

மண்ணு ஏன் சரியுதுன்னு ஒரு வரியில சொல்லிடறேன், எனக்குப் புரிஞ்ச அளவுக்கு. எங்க மலையோட பாறை உறுதியான பாறைதான். ஆனா அதுக்கு மேல மண்ணு போத்தின மாதிரி கெடக்கு. ரெண்டு மூணு நாள் விடாம மழை பெஞ்சா தண்ணி மண்ணுக்குள்ள இறங்கி, கீழ பாறை விடாததால அங்கேயே தங்கும். மண்ணு ஊறி கனம் ஏறும், பிடிமானம் போகும். அந்த நேரத்துல சரிவோட காலை நாம வெட்டியிருந்தா, அதாவது ரோட்டுக்காகவோ காட்டேஜுக்காகவோ அடியில செங்குத்தா மண்ணை எடுத்திருந்தா, மேல இருக்கறது இறங்கி வரும். ஓடை போற வழியை அடைச்சு ஒரு காம்பவுண்டு கட்டியிருந்தா இன்னும் சீக்கிரம் வரும். இதுக்கு பெரிய படிப்பு வேணாம். படிக்கட்டு போட்டு பூண்டும் கேரட்டும் போடுற எங்க விவசாயிக்கு எந்த வரப்பு எப்ப இறங்கும்னு தெரியும். ஆனா அவர்கிட்ட யாரும் கேக்கறதில்லை. மனை வாங்க வர்ற வெளியூர்க்காரருக்கு வியூ எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம்.

"எங்க பாறை ஸ்ட்ராங்கு, வயநாடு மாதிரியெல்லாம் இங்கே வராது"ன்னு நண்பர் ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். இருக்கலாம். வராம இருந்தா ரொம்ப சந்தோஷம். ஆனா வயநாட்டுக் கதையை முழுசா பாருங்க. 2024 ஜூலை 30 ராத்திரி முண்டக்கை, சூரல்மலையை மண்ணு மூடுச்சே, அதே முண்டக்கையில 1984 ஜூலை 1ஆம் தேதியும் நிலச்சரிவு வந்து ஆளுங்க செத்திருக்காங்க. 2019 ஆகஸ்ட்ல கூப்பிடு தூரத்துல புத்துமலையில வந்துச்சு. மலை ரெண்டு தடவை சொல்லிருச்சு. மூணாவது தடவை இருநூத்தைம்பது பேருக்கு மேல. 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடியில எழுபது பேர் மண்ணுக்குள்ள போனாங்க, பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த நம்ம தமிழ்க் குடும்பங்க. அதுவும் தூரமில்லை, எங்க மலைக்குப் பக்கத்து மலை.

2024 செப்டம்பர்ல எங்க மேல்மலையில கிளாவரை பக்கம் காட்டுக்குள்ள நிலம் நீளமா வெடிச்சுப் பிளந்து கெடக்குன்னு செய்தி வந்துச்சு. வயநாடு நடந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, ஜனம் பயந்துருச்சு. அதிகாரிங்க வந்தாங்க, புவியியல் துறைக்காரங்களும் வந்து பாத்தாங்க. டிவியில ரெண்டு நாள் ஓடுச்சு. அப்புறம்? அந்த மாதிரி வெடிப்பு அதுக்கு முன்னாடி எங்கெல்லாம் வந்துச்சுன்னு ஊர் நோட்டு ஒண்ணு இருந்திருந்தா, வந்த ஆபீசர் கையில கொடுத்திருக்கலாம். வதந்தியும் பாதி குறைஞ்சிருக்கும்.

"இதையெல்லாம் பேசிப் பேசி டூரிஸ்ட்டை விரட்டிடாதே"ன்னு இன்னொரு பக்கம் திட்டு வருது. பொழப்பு அதுல இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த ஊரே பாதுகாப்புத் தேடி வந்தவங்களால உண்டானது. 1845ல அமெரிக்க மிஷனரிங்க ரெண்டு வீடு கட்டினாங்களே, கீழே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்துதானே மேல வந்தாங்க? அன்னைக்கு நாலு குடும்பம். இன்னைக்கு கூட்டம் தாங்காம, ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கும் வெச்சாங்க: சாதாரண நாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000. வண்டியை எண்ண முடியுது. சரிஞ்ச இடத்தை எண்ண முடியாதா?

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல வரலை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்புள்ள இடங்களுக்கு வரைபடம் போட்டு வெச்சிருக்கு. 2020ல சோதனை முறையில முன்னெச்சரிக்கை கொடுக்க ஆரம்பிச்சப்ப டார்ஜிலிங்கோட நம்ம நீலகிரியையும் சேத்துக்கிட்டாங்க. ஆனா அந்த வரைபடத்துல எங்க ஊர் ஒரு நிறம், அவ்வளவுதான். "மூணாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல, பழைய மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடி"ங்கற கணக்கை ஊர்க்காரன்தான் எழுதணும். முன்னெச்சரிக்கை சொல்றவங்களுக்கும், எத்தனை மழைக்கு எங்கே சரிஞ்சுதுங்கற பழைய கணக்கு இருந்தாத்தானே இத்தனை பெஞ்சா ஆபத்துன்னு சொல்ல முடியும்?

அதனால நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு ஊராட்சியிலயும், நகராட்சின்னா ஒவ்வொரு வார்டுலயும், ஒரு நீளமான கணக்கு நோட்டு. தேதி, இடத்தோட ஊர்ப் பேர், எத்தனை நாள் மழை, என்ன விழுந்துச்சு, யாருக்கு என்ன சேதம், எத்தனை நாள்ல சரி பண்ணினாங்க. ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கினா, சுவத்துல புது விரிசல் வந்தா, நேரா நின்ன மரம் சாய ஆரம்பிச்சா அதையும் எழுதணும். மழையை அளக்க பள்ளிக்கூடத்துப் பசங்களே போதும். நேரான டப்பா ஒண்ணு, ஸ்கேல் ஒண்ணு. பழைய கதைக்கு எண்பது வயசுக்காரங்க இன்னும் இருக்காங்க. 1977 நவம்பர்ல எந்த ஓடை எதுவரைக்கும் வந்துச்சுன்னு காட்ட அவங்களுக்குத் தெரியும். இன்னும் பத்து வருஷம் போச்சுன்னா காட்ட ஆள் இருக்காது.

ஜப்பான்ல அனேயோஷின்னு ஒரு குக்கிராமம். 1933 சுனாமிக்கு அப்புறம் ஒரு கல்லை நட்டு, இதுக்குக் கீழே வீடு கட்டாதேன்னு செதுக்கி வெச்சாங்க. 2011ல சுனாமி வந்தப்ப தண்ணி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்னுருச்சு. மேல இருந்த வீடெல்லாம் பிழைச்சுது. தாத்தா எழுதி வெச்சார், பேரன் அதை மதிச்சான். அவ்வளவுதான் விஷயம்.

நம்ம கிட்ட அதுக்கு ஒரு நாளும் தயாரா இருக்கு. அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி கிராம சபை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்க ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி. வழக்கமா ரோடு, தண்ணி, தெருவிளக்குன்னு மனு குடுத்துட்டு கலைஞ்சு போறோம். அந்தக் கூட்டத்துல போன வருஷ நோட்டை எடுத்து ஒருத்தர் சத்தமா வாசிக்கட்டும். பத்து நிமிஷம் போதும். சரிஞ்ச இடத்துக்கு அங்கேயே ஒரு பேரும் வெச்சுடுங்க. பேர் வெச்ச இடத்துல எவனும் லேசுல மனை பிரிச்சு விக்க முடியாது.

பி.கு: மலைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, வீட்டுப் பெரியவங்ககிட்ட "உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய மழை எது?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. பதிலைத் தேதியோட எழுதி வைங்க. நோட்டு நாளைக்கு வாங்கிக்கலாம். இப்போதைக்கு காலண்டர் பின்பக்கம் போதும்.